பொதுத் தோட்டத்தில் யார் கை வைப்பது?

தோட்டம் என்னும் சொல் இந்நாட்டுத் தமிழர் வாயில் இரு பொருள் தருவது. வீட்டைச் சுற்றிச் செடி கொடி வளர்க்கும் இடம் என்பது ஒன்று. நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய இரப்பர்த் தோட்டம் என்பது மற்றொன்று. "அவர் தோட்டத்தில் பிறந்தவர்" என்று நாம் இயல்பாகச் சொல்ல, தமிழகத்திலிருந்து வந்த விருந்தினர் மருண்டு விழிப்பதைப் பலரும் கண்டிருப்போம். இரண்டாம் பொருளில் வரும் தோட்டத்தை நாம் இழந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. அதனைப் பற்றிக் கவிதை எழுதினோம், கதை எழுதினோம், மேடைதோறும் கண்ணீர் வடித்தோம். முதற்பொருளில் வரும் தோட்டம் இன்று நம் காலடியில், நம் பெயர் எழுதிய பத்திரத்தில், நமக்கே உரியதாக இருக்கிறது. அதனை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம்.

நான் சொல்வது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுத் தோட்டத்தை. கட்டடத்திற்கும் மதிலுக்கும் இடையே கிடக்கும் புற்றரை, நான்கு மரங்கள், ஒரு சிமெண்டு இருக்கை, துருப்பிடித்த ஊஞ்சல் ஒன்று: மலிவு விலை அடுக்கு வீடுகளில் தோட்டம் என்பது பெரும்பாலும் இவ்வளவே. இவ்வளவுதானே என்று ஏளனம் செய்வார் செய்க. ஒன்பதாம் மாடியில் பிறந்து ஒன்பதாம் மாடியில் வளரும் பிள்ளைக்கு மண் என்று தொட்டுக் காட்ட வேறு இடம் இல்லை.

லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் முருங்கை நின்றது, கறிவேப்பிலை நின்றது, வேலியோரம் மரவள்ளியும் பந்தலில் அவரையும் காய்த்தன. நட்டவர் நாம், நீர் வார்த்தவர் நாம். ஆனால் அந்த மண்ணில் ஒரு பிடி கூட நமக்குச் சொந்தமன்று. கம்பெனி நிலத்தை விற்ற அன்று, முருங்கையோடு நாமும் பிடுங்கப்பட்டோம். நட்டோம், உரிமை இல்லை. இன்று அடுக்ககத்தில் உரிமை இருக்கிறது, நடத் தெரியவில்லை; அதனினும் கேடாக, உரிமை என்பது இன்னதென்றே தெரியவில்லை.

தெரியாமையை முதலில் போக்கிக் கொள்வோம். 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா உரிமைப் பத்திரச் சட்டமும், 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2015 ஜூன் மாதம் முதல் நடைமுறைக்கு வந்த ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டமும் நம் அடுக்ககங்களை ஆளுகின்றன. தனித்தனி வீடுகளுள் அடங்காத யாவும், அஃதாவது படிக்கட்டு, மின்தூக்கி, வடிகால், கூரை, தோட்டம் அனைத்தும், பொதுச் சொத்து. உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டு நிர்வாகக் கழகம் அமைந்ததும் அக்கழகமே பொதுச் சொத்தின் உரிமையாளர் ஆகிறது. அக்கழகம் என்பது வேறு யாருமல்லர். வீட்டுரிமையாளர் அனைவரும் சேர்ந்த தொகுதியே. பொதுச் சொத்தைக் கூட்டுரிமையாளர் என்ற நிலையில் துய்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆகவே, தோட்டத்தின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் உமக்குப் பங்குண்டு. எந்த ஒரு பிடி மண்ணும் உமக்கு மட்டும் உரியதன்று. இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக் கொள்ள மாட்டாமல்தான் அண்டை வீட்டாரும் அண்டை வீட்டாரும் முகம் பாராமல் வாழ்கின்றனர்.

பொதுத் தோட்டத்திற்குப் பகைவர் மூவர். மூவரையும் ஒரே தட்டில் வைக்க நான் ஆயத்தமாயில்லை. குற்றத்தின் எடை வேறு வேறு.

முதலாமவர் தரைத்தளத்தில் குடியிருப்பவர். இவர் தீயவர் அல்லர். கைவலிக்க மண்வெட்டி பிடித்து வளர்ந்தவர். சும்மா கிடக்கும் மண்ணைக் கண்டால் இவருக்குப் பொறுக்காது. சன்னலுக்கு வெளியே முதலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைக்கிறார். எல்லாருக்கும் கொத்துக் கொத்தாகப் பறித்துக் கொடுக்கிறார்; எல்லாரும் மகிழ்கின்றனர். அடுத்த ஆண்டு அதற்குப் பக்கத்தில் வாழை. ஆடு மாடு இல்லாத ஊரில் அதற்கு ஒரு வேலி. வேலிக்குள் ஒரு துணிக்கொடி, பழைய குளிர்பதனப் பெட்டி, பேரனின் மிதிவண்டி. ஐந்தாம் ஆண்டில் அது "அவர் இடம்" ஆகிவிடுகிறது. மேல்மாடிப் பிள்ளை பந்தை எடுக்க உள்ளே நுழைந்தால், "யாரைக் கேட்டு வந்தாய்?" என்கிறார். யாரைக் கேட்டு வேலி வைத்தார் என்று அவரிடம் கேட்பாரில்லை.

இவருக்காகப் பரிந்து பேசுவோர் நம்முள் மிகுதி. "சும்மா கிடந்த இடந்தானே, பச்சைப் பசேல் என்று ஆக்கியிருக்கிறாரே" என்பர். பசுமை உண்மைதான். ஆயின் அது இருபது குடும்பங்கள் உலாவிய இடத்தை ஒரு குடும்பம் வேலியிட்டுப் பெற்ற பசுமை. சட்டமும் இதனை முன்னறிந்தே பேசுகிறது. 2015ஆம் ஆண்டின் விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் உள்ள துணைவிதிகள், பொதுச் சொத்தில் உள்ள புல், மரம், செடி, பூ எதனையும் ஓர் உரிமையாளர் சேதப்படுத்தலாகாது என்கின்றன. முன்கூட்டியே எழுத்து வழி ஒப்புதல் பெறாமல் அதன் ஒரு பகுதியைத் தம் சொந்தத் தோட்டமாகப் பயன்படுத்தலாகாது என்றும் விதிக்கின்றன. இங்கே ஊன்றிப் படிக்க வேண்டியது, "ஒப்புதல் பெறாமல்" என்னும் பகுதியை. சட்டம் கறிவேப்பிலையைத் தடுக்கவில்லை. கேட்காமல் வைப்பதைத்தான் தடுக்கிறது. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை, கேட்காமல் எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு வீரம் பேசுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சொன்னால் சிலர் என்மேல் சினம் கொள்வர், கொள்ளட்டும். மரத்தடியில் ஒரு கல்லை நிறுத்தி, மஞ்சள் பூசி, நாளடைவில் தகரக் கூரை போட்டு, ஒலிபெருக்கியும் வைத்துவிடும் வழக்கம் சில குடியிருப்புகளில் உண்டு. அந்த மண்ணில் மலாய்க் குடும்பத்துக்கும் பங்குண்டு. சீனக் குடும்பத்துக்கும் பங்குண்டு. வேறு சமயத் தமிழனுக்கும் பங்குண்டு. அவர்களைக் கேளாமல் அவர்கள் பங்கில் நம் தெய்வத்தைக் குடியேற்றுவது பக்தியாகாது. தோட்டங்கள் விற்கப்பட்ட காலத்தில் நம் கோயில்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் நாம். தலைமுறை தலைமுறையாக வழிபட்ட கோயில்கள் இடம்பெயர்க்கப்பட்டதும் இடிபட்டதும் எதனால்? கோயில் நின்ற நிலம் நம் பெயரில் இல்லை. கையில் ஒரு தாள் இல்லை. அன்றைக்கு நம் பாட்டனார்க்கு எழுத்தறிவில்லை. கேட்டாலும் கொடுக்கும் துரை இல்லை. இன்று எழுத்தறிவும் உண்டு, கேட்பதற்கு முறையும் உண்டு. இன்றும் தாளில்லாமலே ஒரு கோயிலை எழுப்பி, நாளை அது அகற்றப்படும்போது நெஞ்சிலடித்துக் கொண்டு அழுவதற்குப் பெயர் என்ன? ஆண்டவனாயினும் பொதுத் தோட்டத்தில் அமர வேண்டின் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதே என் கட்சி. கூட்டம் மறுத்தால் வீட்டுப் பூசை அறை இருக்கிறது, ஊர்க்கோயில் இருக்கிறது.

இரண்டாமவர் நிர்வாகச் செயற்குழு. இவர்களிடம்தான் எனக்கு மிகுந்த வழக்கு உண்டு.

செயற்குழுவினர் சம்பளமின்றி உழைப்பவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. மின்தூக்கி நின்றாலும் திட்டு அவர்களுக்கு; தண்ணீர் வராவிட்டாலும் திட்டு அவர்களுக்கு. பராமரிப்புக் கட்டணம் கட்டாதவனும் அவர்களைத்தான் வைகிறான். எனினும், உழைக்கிறோம் என்னும் ஒரு காரணத்தால் உடைமையும் தமக்கே ஆகிவிட்டதாக எண்ணும் நோய் இவர்களுள் பலரைப் பிடித்திருக்கிறது.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். குடியிருப்பின் பெயர் வேண்டா. அங்கே மூன்று தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு வேம்பும் நின்றன. மாலையில் முதியவர்கள் அதன் நிழலில் அமர்வர், பிள்ளைகள் விளையாடுவர். கார் நிறுத்த இடம் போதவில்லை என்பது நெடுநாள் குறை. ஒரு செவ்வாய்க்கிழமை, பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்த நேரத்தில், மரமறுக்கும் இயந்திரத்தோடு ஆட்கள் வந்தனர். மாலைக்குள் நான்கு மரங்களும் துண்டுகளாயின. அடுத்த வாரம் கற்காரை கொட்டப்பட்டது. மஞ்சள் கோடு போட்டு எண்ணும் எழுதினர். பதினான்கு கார்களுக்கு இடம். அந்தப் பதினான்கும் யார் யாருக்குக் கிடைத்தன என்பதை நான் எழுதினால் இக்கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

கேட்டபோது செயற்குழு என்ன சொல்லிற்று? "ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது, வராதது உங்கள் குற்றம்" என்றது. அறிவிப்புத் தாளில் அன்று இருந்தது "வாகன நிறுத்துமிட மேம்பாடு" என்னும் மூன்று சொற்களே. தோட்டம் என்ற சொல்லும் இல்லை. மரம் என்ற சொல்லும் இல்லை. கொலையை வைத்தியம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கியது போன்றது இது.

கூட்டத்தின் கணக்கையும் பார்ப்போம். சட்டப்படி, பொதுக்கூட்டத்திற்கு வாக்குரிமை உடையோரில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும். ஆயின் குறித்த நேரத்திலிருந்து அரைமணிக்குள் அப்பாதி சேராவிட்டால், வந்திருப்போரே போதுமானவராகக் கொள்ளப்படுவர். முந்நூறு வீடுகளுள்ள குடியிருப்பில் இருபத்திரண்டு பேர் வந்தாலும், அரைமணி நேரம் தேநீர் அருந்திக் காத்திருந்துவிட்டு முந்நூறு பேர்க்கும் சேர்த்து முடிவு செய்துவிடலாம். இந்த விதி தவறென்று நான் சொல்லமாட்டேன். இஃதில்லாவிடில் எந்தக் கூட்டமும் நடவாது. மின்தூக்கியின் கம்பியை மாற்றவும் மதிலுக்குச் சாயம் பூசவும் இது தகும். திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்வதற்கு இது தகுமா? சாயம் பிடிக்காவிட்டால் மீண்டும் பூசலாம். முப்பதாண்டு வளர்ந்த மரத்தை மீண்டும் நிறுத்த முப்பதாண்டு வேண்டும். அதற்குள் அதன் நிழலில் அமர்ந்த முதியவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

அன்றியும், கட்டண நிலுவை வைத்திருப்பவர் வாக்களிக்க இயலாது; கூட்டத்திற்கு முந்திய ஏழாம் நாளன்று நிலுவை இருந்தால் வாக்கு இல்லை என்பது விதி. கட்டணம் கட்டுவதே நேர்மை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மலிவு விலைக் குடியிருப்புகளில் யார் நிலுவை வைக்கின்றனர்? வேலையிழந்தவர், கணவனை இழந்தவர், நாட்கூலிக்குச் செல்பவர். கார் இல்லாதவர்களும் பெரும்பாலும் இவர்களே. ஆக, காருக்கு இடம் வேண்டுமா மரத்துக்கு இடம் வேண்டுமா என்று வாக்கெடுக்கும்போது, மரம் வேண்டியவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். கார் உள்ளவன் உள்ளே அமர்ந்து கை தூக்குகிறான். இதனைப் பெரும்பான்மை என்று அழைக்கச் சட்டம் இடம் தரலாம். என் மனம் இடம் தரவில்லை.

சட்டமாவது முழுமையாகப் பின்பற்றப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் மரங்களுக்கென்றே தனிப்பகுதி ஒன்று பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அதன்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்து வழி அனுமதியின்றி வெட்டலாகாது. பட்ட மரத்துக்கும், உடனே விழுந்து ஆபத்து விளைக்கக்கூடிய மரத்துக்கும் மட்டுமே விலக்கு உண்டு. சுற்றளவைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். 0.8 மீட்டர் என்பது பெரிய அளவன்று. குறுக்கே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்தான். சட்டை தைக்கும் நாடா ஒன்று இருந்தால் நான்காம் ஆண்டு மாணவனே அளந்துவிடுவான். அம்மரங்களை அளந்தவர் எவர்? அனுமதிக் கடிதம் எங்கே? கேட்டவர்க்கு இன்றுவரை விடையில்லை. கூட்டாட்சிப் பிரதேசத்தில் சட்டம் வேறு என்பதையும் நினைவிற் கொள்க. ஆங்காங்குள்ள மன்றத்தைக் கேட்டறிவதே முறை.

கற்காரை கொட்டுவோர் மண்ணின் தொழிலை அறியாதவர்கள். மழைநீரின் ஒரு பகுதியைப் புற்றரை உண்டு மெல்லக் கீழிறக்குகிறது; கற்காரை ஒரு துளியையும் உண்ணாமல் வடிகாலில் கொட்டுகிறது. ஒவ்வொரு குடியிருப்பும் தன் சிறு புற்றரையை மூடிக்கொண்டே போனால் அத்தனை நீரும் ஒரே நேரத்தில் ஒரே வடிகாலுக்குப் போகும். 2021 திசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. அப்பெருவெள்ளத்துக்கு அடுக்ககத் தோட்டங்களே காரணம் என்று சொல்ல நான் அறிவிலியல்லேன். வானமே பிளந்தது போல் பெய்த மழை அது. ஆனால் நீர் போக இடமில்லாத ஊரில் மழை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்ட பின்னரும், இருக்கும் மண்ணை மூடுவோரை என்னென்பது! மரத்தை வெட்டாமல் சுற்றிக் கற்காரை பூசுவதும் அதே கொலையின் மெதுவான வடிவம்தான். மரத்தின் நீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, இலைக்கூட்டின் எல்லைக்கு அப்பாலும் பரவியிருக்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் வட்டம் விட்டுவிட்டு, "மரத்தைக் காப்பாற்றிவிட்டோம்" என்று பலகை வைப்பது அறியாமை.

"அப்படியானால் எதையும் மாற்றவே கூடாதா? தோட்டம் மேம்பாட்டாளர் விட்டுச்சென்ற நிலையிலேயே கிடக்க வேண்டுமா?" என்று ஒருவர் வினவலாம். நான் அவ்வாறு சொல்லவில்லை. மேம்பாட்டாளர் நட்டது பலவேளை அந்த மண்ணுக்கே ஒவ்வாதது. வடிகாலைப் பிளக்கும் ஆலின வேரைக் கட்டடத்தருகே நட்டுவிட்டுப் போனவரும் உண்டு. சாய்ந்து நிற்கும் அங்சானா மரத்தின் கீழ் பிள்ளைகள் விளையாடினால் அதனை அகற்றத்தான் வேண்டும். பழைய ஊஞ்சலை எடுத்துவிட்டு முதியோர் நடக்கத் தடம் போடலாம். கீரைப் பாத்தி அமைக்கலாம். மாற்றம் எனக்குப் பகையன்று, ஒளிவுதான் பகை. சன்னலுக்கு வெளியே ஒருவன் ஒளிந்து வேலி வைப்பதும், செவ்வாய்க்கிழமை காலையில் செயற்குழு ஒளிந்து மரம் வெட்டுவதும் ஒரே செயல்தான்; இரண்டாவதற்கு முத்திரைத்தாள் உண்டு என்பது ஒன்றே வேறுபாடு.

பொது என்றாலே பாழாய்ப் போகும். ஆகவே பங்கிட்டுக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் ஓர் அதிகாரியின் கையில் ஒப்படைத்துவிடு என்று வாதிடும் கல்விமான்களும் உளர். கேரட் ஹார்டின் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் 1968இல் எழுதிய கட்டுரை இக்கொள்கைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் அதனை ஏற்கவில்லை. மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடிக் கரை எனப் பல நாட்டுப் பொதுவளங்களை ஆராய்ந்து, பயன்படுத்துவோரே கூடி விதிவகுத்து, தாமே கண்காணித்து, மீறியவனைச் சிறுகச் சிறுகத் தண்டித்து, நூற்றாண்டுக் கணக்காகக் காத்துவந்த பொதுச் சொத்துகள் உண்டு என்று காட்டினார். 2009இல் பொருளியல் நோபெல் பரிசும் பெற்றார். அவர் எடுத்துரைத்த நிபந்தனைகளுள் ஒன்று, விதியால் பாதிக்கப்படுவோர் பெரும்பாலார் அவ்விதியை ஆக்குவதில் பங்குகொள்ள வேண்டும் என்பது. இருபத்திரண்டு பேர் கூட்டத்திற்கு இது பொருந்துமா என்று செயற்குழுவினர் எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழனுக்கு இதனைக் கற்க அமெரிக்கா போக வேண்டியதும் இல்லை. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊராட்சி வாரியங்களைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரிவாகச் சொல்கின்றன. நம் பாடநூல்களில் குடவோலை மட்டும் வரும். தேர்வுக்கு அது போதும் என்று ஆசிரியர்களும் அதனோடு நிறுத்திவிடுவர். அவ்வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று, அதற்கு அறுவர். தோட்ட வாரியம் ஒன்று; அதற்குப் பன்னிருவர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊர் தன் தோட்டங்களை மேற்பார்க்கத் தனிக்குழு வைத்திருந்தது. அக்குழு ஏரிக்குழுவினும் இருமடங்கு பெரிது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்துக்குள் பெயர் போடத் தகுதியற்றவர். அண்மை மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவனும் விலக வேண்டும். அந்தச் சபை பிராமணர் சபை, நிலமுடையோர்க்கே அதில் இடம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதனைப் பொன்னுலகு என்று கொண்டாடுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவனின் மைத்துனன் கூடப் பதவிக்கு வரலாகாது என்னும் விதியை நம் குடியிருப்புகளில் வைத்துப் பார்த்தால் எத்தனை செயற்குழுக்கள் எஞ்சும்?

மூன்றாமவரிடம் வருகிறேன். இவர் கூட்டத்துக்கு வராதவர். இவர் படித்தவர், பலவேளை ஆசிரியர். அறிவிப்புக் கடிதம் வந்தால் உறையைப் பிரியாமலே குளிர்பதனப் பெட்டியின் மேல் வைப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பத்து மணிக்குக் கூட்டம் என்றால் அன்றுதான் இவருக்குத் திருமணம், காதணி விழா, நூல் வெளியீடு எல்லாம். மரம் விழுந்த பின்னர், மின்தூக்கியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும், "என்ன அநியாயம் பார்த்தீர்களா!" என்பார். வேலி வைத்தவனாவது மண்ணைத் தொட்டான். செயற்குழுவாவது நேரம் கொடுத்தது. இவர் எதையும் கொடுக்காமல் வருத்தத்தை மட்டும் வைத்துக் கொண்டிருக்கிறார். மூவருள் பெருங்குற்றவாளி இவரே என்பது என் தீர்ப்பு. இவர் வந்திருந்தால் அந்த இருபத்திரண்டு அறுபது ஆகியிருக்கும், "மேம்பாடு என்றால் என்ன? மரம் வெட்டுவீர்களா, மாட்டீர்களா?" என்று ஒருவராவது எழுந்து கேட்டிருப்பார்.

நம் ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்று கேட்கிறேன். "எங்கள் வீட்டுத் தோட்டம்" என்று ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அடுக்ககத்துப் பிள்ளை என்ன எழுதுகிறது? "என் வீட்டுத் தோட்டத்தில் ரோசா, மல்லிகை, செம்பருத்தி உள்ளன. நான் தினமும் நீர் ஊற்றுவேன்" என்று, தான் காணாத தோட்டத்தைப் பற்றி மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதுகிறது. நாமும் எழுத்துப்பிழை திருத்தி மதிப்பெண் போடுகிறோம். மொழிப்பாடத்தில் பொய் எழுதப் பழக்குவது என்று இதனைச் சொன்னால் மிகையாகுமா? "எங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டம்" என்று தலைப்பைக் கொடுங்கள். எத்தனை மரம், என்ன மரம், சுற்றளவு எவ்வளவு, யார் பெருக்குகிறார், வேலிக்குள் இருப்பது யாருடையது என்று எழுதட்டும். அறிவியலும் கணிதமும் நன்னெறியும் அந்த ஒரு கட்டுரைக்குள் வந்துவிடும். சில தந்தையர்க்குச் சங்கடமும் வரும், வரட்டும்.

ஒன்றுகூடி நிலம் வைத்துக் கொள்ளத் தமிழனுக்குத் தெரியாது என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை என்னும் பழமொழியை அவர்கள் செய்து காட்டினர். அவர்களுள் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரிந்த பேரப்பிள்ளைகள், தம் வாசலில் உள்ள கால் ஏக்கர் பொது மண்ணைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடியாதவர்களாகிவிட்டனர்.

என்ன செய்யலாம் என்று கேட்போர்க்கு: ஒரு துணைவிதியை எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். குடியிருப்புகள் தமக்கென்று கூடுதல் துணைவிதி இயற்றிக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தோடு 21 நாள் முன்னறிவிப்பும், செல்லத்தக்க வாக்குகளில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும். எளிதன்று; எளிதாக இராமையே நல்லது. பொதுத் தோட்டத்தில் மரம் அகற்றுவது, மண்ணை மூடுவது, வேலியிடுவது, கட்டடமோ வழிபாட்டிடமோ எழுப்புவது ஆகிய எதற்கும் வரைபடத்தோடு கூடிய முன்மொழிவு ஒவ்வொரு மாடியிலும் ஒரு மாதம் ஒட்டப்பட வேண்டும் என்று அதில் எழுதுங்கள். மலாயிலும், அங்கே வழங்கும் பிற மொழிகளிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு ஒருவர்க்கு ஒரு பாத்தி என்று எழுத்து வழி ஒப்புதல் தந்து, ஆண்டு முடிவில் குலுக்கலால் மாற்றிக் கொடுக்கவும் அதில் வழி வையுங்கள். கறிவேப்பிலைக்காரர்க்கும் நீதி கிடைக்கும். முறைகேடு நடந்தால் கட்டட ஆணையாளரிடம் முறையிடலாம். ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயமும் இருக்கிறது. செயற்குழு கூட்டம் கூட்ட மறுத்தால், மொத்தப் பங்கு அலகுகளில் நான்கில் ஒரு பங்குடையோர் எழுத்து வழி கோரி அசாதாரணக் கூட்டம் கூட்டச் செய்யலாம்.

நான்கில் ஒரு பங்கு என்பது முந்நூறு வீட்டுக் குடியிருப்பில் ஏறக்குறைய எழுபத்தைந்து கதவுகளைத் தட்டுவது. மாலையில் இரண்டு மாடி வீதம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். தட்டும்போது, கட்டணம் நிலுவையில் உள்ளவரிடம் அதனையும் சொல்லுங்கள்: கூட்டத்திற்கு எட்டு நாளைக்கு முன்னரே கட்டிவிட்டு, இரசீதைக் கையோடு கொண்டுவரட்டும்.